ஒரு புள்ளியில் இரு விண்மீன்கள்

மார்ச் மாத நடுவில், இரவு ஒன்பது மணியளவில் தெற்குத் தொடுவானத்தை நோக்கி நில்லுங்கள். நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் தெரியும். இதுவே 'போலிச் சிலுவை'. புகழ்பெற்ற தென் சிலுவை இதைவிடச் சிறியது, ஒளி மிக்கது. போலிச் சிலுவையில் ஆரஞ்சு நிறமாகத் தோன்றுவது கரீனா மண்டலத்தின் எப்சிலான் விண்மீன். அது உச்சத்தில் இருக்கும்போது சென்னையில் சுமார் 17 பாகை, கன்னியாகுமரியில் சுமார் 22 பாகை உயரத்தில் நிற்கும்.

1930களில் பிரிட்டிஷ் விமானப்படைக்கென வழிகாட்டும் விண்மீன்களைப் பட்டியலிட்டபோது இதற்குப் பெயரே இல்லை. அப்போது சூட்டப்பட்ட பெயர்தான் 'அவியார்'. 2016-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை ஏற்றது.

இதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒரு புதிர் எழுகிறது. குளிர்ந்த விண்மீனுக்குரிய உலோகக் கோடுகளும், மிக வெப்பமான விண்மீனுக்குரிய கோடுகளும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஒரே பரப்பு இருவித வெப்பநிலையில் இருக்க முடியுமா? முடியாது. எனவே அங்கிருப்பவை இரண்டு விண்மீன்கள்!

ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வினாடி. இவ்விரண்டின் இடைவெளி ஏறத்தாழ அரை வினாடியே. 25 மில்லிமீட்டர் நாணயத்தைப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அதன் அகலம் அவ்வளவுதான் தோன்றும். சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவே இதற்குக் காரணம்.

இவற்றில் ஆரஞ்சு நிறமுடையது இராட்சத விண்மீன். அதன் பரப்பு வெப்பநிலை 5,000 கெல்வினுக்கும் குறைவு. நீல நிறத் துணையோ 15,000 கெல்வினுக்கும் மேற்பட்டது. இருந்தும் நம் கண்ணுக்கு ஆரஞ்சு விண்மீனே சுமார் ஆறு மடங்கு அதிக ஒளி தருகிறது. அதன் பரப்பு மிகப் பெரிது அல்லவா?

ஒன்றாகப் பிறந்த இரண்டில் ஒன்று மட்டும் ஏன் இராட்சதனாயிற்று? தடித்த திரியிட்ட பெரிய விளக்கில் எண்ணெய் அதிகம் இருந்தாலும், சிறு விளக்கிற்கு முன்பே அது தீர்ந்துவிடக்கூடும். அதுபோல, பொருள்திணிவு மிக்க விண்மீன் தன் மையத்து ஹைட்ரஜனை வேகமாகச் செலவிடுகிறது. பின்னர் அது உப்பி, வெளிப்பரப்பு குளிர்ந்து, ஆரஞ்சு நிறம் பெறுகிறது. மூத்ததுபோல் தோன்றுவது வயதால் அன்று, எடையால் முதிர்ந்தது.

தெற்கே மேகமற்ற இரவில் அந்த ஆரஞ்சுப் புள்ளியைத் தேடிப் பாருங்கள். கண் ஒன்றைத்தான் காட்டும்; இரண்டு என்பதைச் சொன்னது நிறமாலையே.