பெருந்தீனிக் கோளாறை அறிவது எப்படி?

விருந்து நாளில் சற்று மிகுதியாக உண்பது எவர்க்கும் நேர்வதே. அதனை நோய் என்று எவரும் கூறார். ஆயின் சிலர் உண்ணத் தொடங்கினால் நிறுத்த இயலாமல் தவிக்கின்றனர். வீட்டார் உறங்கிய பின் தனித்திருந்து, பசியின்றியே, வயிறு கனத்து வலிக்கும் வரை உண்கின்றனர். பின்னர் தம்மைத் தாமே வெறுத்து வருந்துகின்றனர். இவர்களை நாம் 'தீனிப் பண்டாரம்' என்று எளிதில் இகழ்ந்துவிடுகின்றோம். மருத்துவ உலகமோ இதனைப் பெருந்தீனிக் கோளாறு எனும் நோயாகவே கருதுகின்றது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1959ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு 1994இல் இதனை மேலும் ஆராயத்தக்கது எனப் பிற்சேர்க்கையில் வைத்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக ஏற்றது.

அக்கையேடு கூறும் இலக்கணத்தைக் காண்போம். ஏறத்தாழ 2 மணி நேரத்திற்குள், அதே சூழலில் பிறர் உண்பதைவிட மிகுந்த அளவு உண்ணுதல். அவ்வேளையில் தம் கட்டுப்பாட்டை இழந்ததாக உணர்தல். இவ்விரண்டும் இன்றியமையாதவை. இவற்றுடன் பின்வரும் ஐந்தனுள் மூன்றேனும் இருத்தல் வேண்டும்:

1. வழக்கத்தினும் விரைந்து உண்ணுதல்.
2. துன்பம் தரும் அளவு வயிறு நிறைய உண்ணுதல்.
3. பசி இல்லாதபோதும் மிகுதியாக உண்ணுதல்.
4. வெட்கத்தால் தனித்து உண்ணுதல்.
5. உண்ட பின் அருவருப்பு, சோர்வு, குற்றவுணர்வு கொள்ளுதல்.

இந்நிலை வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்கள் நிகழ்ந்து, மனத்தைப் பெரிதும் வருத்துமாயின் நோயென முடிவு செய்வர். இரத்தப் பரிசோதனையால் மட்டும் இதனைக் கண்டறிய இயலாது. பரிவுடன் கேட்கும் மருத்துவரிடம் நோயாளி மனந்திறந்து உரைத்தலே வழி. பருத்த உடலினர்க்கே இந்நோய் வரும் என்பதும் தவறு. இயல்பான எடை உடையோர்க்கும் வருவதுண்டு.

உண்டதற்கு ஈடாக வலிய வாந்தி எடுத்தல், பேதி மருந்து கொள்ளுதல், பட்டினி கிடத்தல் ஆகியன தொடர்ந்து நிகழுமாயின், அது புலிமியா எனும் வேறு நோயாகலாம். உண்ணாநோன்பைப் போற்றும் நாம் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஆன்ம நலம் கருதி நோற்கும் நோன்பு வேறு. உண்டதற்குத் தண்டனையாகத் தன்னை வருத்தும் பட்டினி வேறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், பின்னது பலருக்கு அடுத்த பெருந்தீனிக்கே வித்தாகின்றது. ஆதலின் இந்நோய் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே நோன்பு பற்றி முடிவு செய்தல் நன்று. பெரியோரும் அவர்களை வற்புறுத்தலாகாது.

எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையால் பலர் நலம் பெறுகின்றனர். இகழ்ச்சியோ நோயை மறைக்கவே செய்யும். மறைந்த நோய் வளரும். நம் இல்லத்தில் ஒருவர் ஒளித்து உண்பதைக் கண்டால் கடிந்து பேசாது, அருகமர்ந்து கேட்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. சொல்லாலும் பிறரைப் புண்படுத்தாமையே அகிம்சை அன்றோ!