காற்றை முதலில் பார், தம்பி



உத்திரமேரூரிலிருந்து விடியுமுன்னே ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறாய் என்று உன் அம்மா சொன்னார். பெயிண்ட் ஷாப்பில் ஏ.எச்.யூ., அதாவது காற்றைக் குளிர்வித்து அனுப்பும் கருவியின், பராமரிப்பு. அங்கே வால்வும், காற்றுவழியைத் திறந்து மூடும் டேம்பரும் காற்றழுத்தத்தில் ஓடுகின்றன, ஐ.டி.ஐ.யில் அதைச் சொல்லித்தரவே இல்லை என்று வருத்தப்பட்டாயாம். முப்பது வருஷம் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பழைய சாமான் என்று ஒதுக்கிவிடாதே. தின்னர் ஆவி நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும். மின்சாரம் இல்லாமல் திறந்து மூடும் வால்வில் பொறிக்கு வழியே இல்லை. இந்தத் தொழிலின் ஆரம்பம் ஒரு பள்ளிக்கூடம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அறையின் சூட்டைப் பார்க்கப் பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் வருவதும், கீழே போய் டேம்பரைத் திருப்புவதும் அவர் பாடத்தைக் கெடுத்தன. அதற்கு மாற்றுத் தேடி 1883-ல் காப்புரிமை வாங்கினார். 1885-ல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார். காற்றழுத்தக் கட்டுப்பாடு அவர் கையில்தான் வளர்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. தெர்மோஸ்டாட்டுக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை இருக்கிறது. சூடு ஏறினால் அது வளைந்து, காற்று கசியும் சின்ன மூக்கை அடைக்கும். குழாயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் வால்வின் ரப்பர் டயாபிரத்தைத் தள்ளி, ஸ்பிரிங்கை மீறிக் குளிர்நீருக்கு வழிவிடும். நம் ஏரி மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவதுபோலத்தான். வால்வுக்குப் போகும் இந்த அழுத்தம்தான் கட்டளை. அது 3 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15 வரை. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று கேள். 3 என்றால் 'குறைந்தபட்சம்' என்ற கட்டளை. பூஜ்யம் என்றால் குழாய் அறுந்தது அல்லது காற்று நின்றது. கேஜைப் பார்த்தவுடன் இந்த வித்தியாசம் உனக்குத் தெரிய வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். வேலையில் சேர்ந்த புதிதில், சென்னையில் ஒரு பழைய கட்டடம். ஐப்பசி அடைமழை. மேல்மாடி அறைகளில் ஒன்று வெந்தது, பக்கத்து அறை விறைத்தது. இரண்டு தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். மூன்றாம் நாள் அதே புகார். பிளான்டில் இருந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் என்னைக் கீழே கூட்டிப்போய், கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருந்த டிரெயினைத் திறந்தார். டீ நிறத்தில், எண்ணெய் வாடையோடு அரை வாளித் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பிறகு தெர்மோஸ்டாட்டின் குழாயைக் கழற்றி, கிழிந்த வேட்டித் துணியில் காற்றை ஊதவிட்டார். வெள்ளைத் துணியில் மிளகளவு பழுப்புப் பொட்டு. ஊசிமுனை அளவுத் துளைகளில் அந்த எண்ணெய்தான் போய் அடைத்திருந்தது. மாற்றிய இரண்டும் வீண் செலவு.

நம் ஊர்க் காற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவைத்தால் 4 கிராம்தான் ஆவியாகத் தங்கும். மீதி 20 கிராம் தண்ணீராக விழும். டேங்கில் விழுந்தால் வடித்துவிடலாம். காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் பழுதானால், தங்கிய ஈரம் 13 டிகிரிக் குளிர்காற்று வீசும் இடத்தைக் கடக்கும்போது குழாய்க்குள்ளேயே நீராகக்கூடும். அதனால் டிரையரின் டியூ பாயின்ட், அதாவது ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 3 டிகிரியை ஒட்டி நிற்கிறதா என்று தினமும் பார். கம்ப்ரஸர் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஓடினால் கசிவைத் தேடு. சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

எந்த வால்வைத் தொடும் முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்: காற்று நின்றால் இது திறக்குமா, மூடுமா? குளிர் நாடுகளில் வெந்நீர் வால்வு தானாகத் திறந்துகொள்ளும்படி வைப்பார்கள், குழாய் உறைந்துவிடக் கூடாது என்று. நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் குளிர்நீர் வால்வு தானாக மூடிக்கொண்டால் என்ன ஆகும்? ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியாமல், வால்வை அசைக்கும் ஆக்சுவேட்டரைக் கழற்றுவது தப்பு.

கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வரும், வரட்டும். மின் கட்டளையைக் காற்றழுத்தமாக மாற்றும் சின்னக் கருவி ஒன்று போதும், நல்ல நிலையில் உள்ள பழைய வால்வுகள் அப்படியே ஓடும். பேருக்காக எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னால் நீ எதிர்த்துப் பேச வேண்டும். பேசுவதற்குக் கையில் லாக் புக் இருக்க வேண்டும்.

கணக்கு எழுதிவைக்க நீ வெளியூர் போய்ப் பாடம் கேட்க வேண்டாம். நம் ஊர்க் கல்வெட்டில் இருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்தில், 921-ல் வெட்டியது. ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் எடுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் போடக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். உன் கணக்கு லாக் புக். மெயின் காற்று எத்தனை பி.எஸ்.ஐ., டிரெயினில் எவ்வளவு தண்ணீர், கம்ப்ரஸர் எத்தனை நிமிஷம் ஓடியது: ஷிப்டுக்கு மூன்று வரி எழுது. பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதாதே.

நாளைக்கு ஷிப்டில் யார் என்ன புகார் சொன்னாலும் தெர்மோஸ்டாட்டைத் தொடாதே. முதலில் டேங்கின் அடியில் டிரெயினைத் திற. என்ன வந்தது என்று எனக்கு எழுது.