தீபாவளிக்குக் காகிதத் தாமரை



ஐப்பசி அமாவாசையின் விடியற்காலையில் பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தார். அது கி.மு. 527ஆம் ஆண்டு என்பது மரபு. அந்நாளை மக்கள் விளக்கேற்றிக் கொண்டாடிய வழக்கத்தை, ஜினசேனர் கி.பி. 783இல் இயற்றி முடித்த அரிவம்ச புராணம் குறிப்பிடுகின்றது. பாவாபுரியின் ஜலமந்திர் இன்றும் தாமரைத் தடாகத்தின் நடுவே விளங்குகின்றது. அதனை நினைவூட்டும் காகிதத் தாமரையையும், ஒரு சங்கிலித் தோரணத்தையும் செய்யக் கற்போம்.

தேவையானவை: மெல்லிய வண்ணத்தாள் அல்லது ஒருபுறம் எழுதிய பழைய தாள், அளவுகோல், பென்சில், சிறு கத்தரிக்கோல், ஊசி, நூல், மைதாப் பசை.

தாமரை

1. 16, 12, 8 செ.மீ. பக்க அளவுடைய மூன்று சதுரங்களை வெட்டிக்கொள்க.

2. பெரிய சதுரத்தை இரண்டாக மடித்து, மீண்டும் குறுக்கே மடித்தால் 8 செ.மீ. சதுரம் கிடைக்கும். தாளின் நடுப்புள்ளி அமைந்த முனை கூராகும்படி அதனை மூலைவாட்டில் மடித்து முக்கோணமாக்குக.

3. அம்முனையைக் கீழே பிடிக்கவும். ஓர் ஓரத்தில் 3 செ.மீ. உயரத்தில் தொடங்கி, நடுவே 7 செ.மீ. உயரத்தில் கூர்முனை அமைய வளைத்து, மறு ஓரத்தில் அதே 3 செ.மீ. உயரத்தில் முடியுமாறு இதழ் வரைந்து வெட்டுக. விரித்தால் எட்டு இதழ்கள் தோன்றும்.

4. ஏனைய இரு சதுரங்களையும் அதே விகிதத்தில் வெட்டுக. பெரியதன் மேல் சிறியதாக அடுக்கி, அடியிதழ்களின் இடைவெளியில் மேலிதழ்கள் வருமாறு திருப்பி, நடுவே ஊசிநூல் கோத்து முடிச்சிடுக. இதழ்களைப் பென்சிலில் சுருட்டி மேல்நோக்கி வளைத்தால் மலர் விரிந்து நிற்கும்.

எட்டு இதழும் நடுவும் சேர்ந்து ஒன்பது. அருகர் நடுவில், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் நாற்றிசையில், ஜினதருமம், ஜினாகமம், ஜினபிம்பம், ஜினாலயம் நான்கு மூலைகளில் என்று நவதேவதைகளைக் குழந்தைகள் விரல்தொட்டு எண்ணட்டும். பெயர்களை இதழ்களில் எழுத வேண்டா. மலர் கீழே வீழ்ந்தால் மிதிபடும்.

சங்கிலித் தோரணம்

18 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள பட்டைகளை வெட்டி, முனைகள் 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வளையமாக ஒட்டுக. அடுத்த பட்டையை அவ்வளையத்தினுள் நுழைத்து ஒட்டுக. இருபது வளையங்கள் ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் வரும்.

பசை பற்றிச் சில சொற்கள்

தோரணத்திற்கு மட்டுமே பசை தேவை. வச்சிரப் பசை விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவதால் அது நமக்கு ஆகாது. மைதாப் பசையிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. அதனை நானே செய்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் கற்றவாறு, பசை கெடாதிருக்கவும் பூச்சி அரிக்காதிருக்கவும் சிறிது மயில்துத்தம் கலந்து பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன். கொல்லாமைப் பாடம் நடத்திய ஒரு வாரத்தில், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "பூச்சி இதைத் தின்றால் என்ன ஆகும், டீச்சர்?" என்று வினவினாள். என்னிடம் விடையில்லை. பாடத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ அதனைக் கற்றுவிட்டாள். அன்றே துத்தத்தை விட்டேன்.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு குவளைக் குளிர்நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கிளறிக் காய்ச்சுக. அன்றைய தேவைக்கு மட்டும் செய்க. எறும்பு விழாதபடி மூடிவைத்து, வேலை முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவிவிடுக.

விளக்கும் காகிதமும்

எரியும் அகலின் மேலோ அருகிலோ காகிதத்தைக் கட்டாதீர்கள். ஐப்பசி மழைக்காலமாதலால் விட்டில்கள் சுடரை நாடி வரும். விளக்கைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்தால் அந்நாலறிவுயிர்கள் பிழைக்கும். விழா முடிந்ததும் தாமரைகளை அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

பயிற்சி

1. உங்கள் வாயிலின் அகலம் எவ்வளவு? அதற்கு எத்தனை வளையங்கள் வேண்டும்?
2. தாளை இன்னொரு முறை மடித்து வெட்டினால் எத்தனை இதழ்கள் வரும்?
3. உங்கள் வீட்டுத் தீபாவளியில் எந்த உயிருக்குத் துன்பம் நேர்கின்றது? அதனை எவ்வாறு தவிர்க்கலாம்?

மூன்றாம் வினாவிற்குப் பெரியவர்களும் விடை எழுதலாம்.

அறம் வளர்க!