கீசாவைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பதினொரு சொல்

எகிப்து என்றால் கீசா பிரமிடு, ஸ்பிங்க்ஸ், லக்சரில் துட்டன்காமுன் கல்லறை, தெற்கே அபு சிம்பல். பெரும்பாலோர் இந்த நாலு இடங்களைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எகிப்தியல் படித்த ஓர் அறிஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெய்தும், பெனி ஹசன், அமர்னா, எல்-காப் என்று கூட்டம் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போகிற பயணங்களும் உண்டு. அப்படி ஒன்றுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய இடங்களில் வாய் பிளந்து நின்றாலே போதும். சின்ன இடங்களில் கேள்வி கேட்டால்தான் ஏதாவது கிடைக்கும். எப்படிக் கேட்பது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

1. காலத்தை அடுக்கிக்கொண்டு புறப்படுங்கள்.

அரசர்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். 30 வம்சங்கள், யாருக்கும் மனதில் நிற்காது. மூன்று காலகட்டம் தெரிந்தால் போதும். பெரும் பிரமிடுகள் எழுந்த பழைய அரசு, சுமார் கி.மு. 2686 முதல் 2181 வரை. மாகாணத் தலைவர்கள் மலையைக் குடைந்து தங்களுக்குக் கல்லறை அமைத்துக்கொண்ட இடை அரசு, சுமார் கி.மு. 2055 முதல் 1650 வரை. எகிப்து பேரரசாகப் பரவிய புதிய அரசு, சுமார் கி.மு. 1550 முதல் 1069 வரை. நடுநடுவே ஆட்சி சிதறிக் கிடந்த காலங்கள். கடைசியில் கிரேக்கரும் ரோமானியரும். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, “இது எந்தக் காலம்?” என்பதாக இருக்கட்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அன்று கேட்கிற மற்றதெல்லாம் தானே ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

2. “எப்படித் தெரியும்?” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நல்ல அறிஞருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பிடிக்காதவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அபிதோஸில் முதலாம் சேத்தியின் கோயிலில் மேலே ஓர் உத்தரக் கல்லைக் காட்டி, “பாருங்கள், ஹெலிகாப்டர்” என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சேத்தி காலத்தில் செதுக்கிய பட்டப்பெயரைச் சாந்து பூசி அடைத்துவிட்டு, அவருடைய மகன் இரண்டாம் ராம்சேஸ் அதே இடத்தில் தன் பட்டப்பெயரைச் செதுக்கிக்கொண்டார். பின்னால் சாந்து உதிர்ந்துபோக, இரண்டு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து தெரிகிறது. இதைக் கல்லில் விரல் படாமல், எந்தக் கோடு யாருடையது என்று சுட்டிக் காட்டுகிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அதே கோயிலில் 76 அரசர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஹட்ஷெப்சுட் இல்லை, அகெனாட்டன் இல்லை, துட்டன்காமுனும் இல்லை. யாரை ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

3. உள்ளூர் வழிகாட்டியையும் மதியுங்கள்.

எகிப்தில் தொல்லியல் இடங்களில் விளக்கம் சொல்ல அந்நாட்டு உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். ஆகவே இத்தகைய பயணங்களில் அறிஞர் ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் என்று இரண்டு பேர் கூட வருவார்கள். அறிஞருக்குக் கல்வெட்டு தெரியும். எந்தக் கல்லறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். சின்ன இடங்களில் இந்த இரண்டாவது அறிவு இல்லாவிட்டால் கதவே திறக்காது.

4. இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு கதையைப் பின்தொடருங்கள்.

ஒரு நாளில் ஐந்து இடம் பார்த்தவருக்கு மறுநாள் ஐந்தும் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக ஸ்னெஃபெரு என்ற ஓர் அரசரை எடுத்துக்கொள்ளுங்கள். கீசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தந்தை இவர். மெய்துமில் படிக்கட்டுப் பிரமிடாகத் தொடங்கியதைச் சரிவான பக்கங்கள் கொண்டதாக மாற்ற முயன்றார்கள். வெளிப்புறம் போய்விட்டது, இன்று இடிபாட்டுக் குவியலுக்கு நடுவே மூன்றடுக்குக் கோபுரம்போல ஒன்று நிற்கிறது. அடுத்து தஹ்ஷூர். அங்கே வளைந்த பிரமிடு கீழே சுமார் 54 பாகைச் சரிவில் எழுந்து, பாதிக்கு மேல் சுமார் 43 பாகைக்குத் தணிந்துவிடுகிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கணக்கை மாற்றியிருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே சிவப்புப் பிரமிடு. அடியிலிருந்தே அந்தத் தணிந்த சரிவு, சுமார் 105 மீட்டர் உயரம், குறையில்லாத வடிவம். தடுமாறி, திருத்தி, கடைசியில் பிடிபட்ட தொழில்நுட்பம் மூன்று கட்டடங்களாக நம் கண்முன் நிற்கிறது. கீசாவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மெய்துமில் பிரமிடின் கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல இருக்கும் சின்னக் கோயிலுக்குள்ளும் போக வேண்டும். புதிய அரசுக் காலத்தில், அதாவது பிரமிடு கட்டி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அங்கே வந்து பார்த்த எழுத்தர்கள் ஸ்னெஃபெருவின் கோயிலைக் காண வந்ததாகச் சுவரில் மையால் எழுதிவைத்திருக்கிறார்கள். பிரமிடைக் கட்டியவர் யார் என்று பழங்காலத்தார் நம்பினார்கள் என்பதற்கு அந்தக் கிறுக்கல் ஒரு சாட்சி. சுற்றுலா நம் காலத்துப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பதில்.

5. நைல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

சூரியன் மறையும் மேற்குக் கரை இறந்தவர்களுக்கு, கிழக்குக் கரை வாழ்பவர்களுக்கு என்பது பொது வழக்கம். பெரும் பிரமிடுகள் எல்லாம் மேற்கில்தான். இந்த வழக்கம் எங்கே உடைகிறது என்பதைக் கவனித்தால் பயணம் சுவைக்கும். பெனி ஹசன் கல்லறைகள் கிழக்கில். அங்கேதான் குடைவதற்கு ஏற்ற நல்ல பாறை இருந்தது. அமர்னா கல்லறைகளும் கிழக்கில். அங்கே காரணம் வேறு, அங்கிருந்து ஆண்ட அரசர் அகெனாட்டனின் மதமே வேறாகிவிட்டது.

6. ஒரு சுவரின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள்.

மின்யாவுக்குத் தெற்கே பெனி ஹசனில் குன்றின் இடுப்பில் 39 கல்லறைகள் குடைந்திருக்கிறார்கள். திறந்திருப்பவை சில மட்டுமே. மூன்றாம் எண் கல்லறை இரண்டாம் க்னும்ஹோதெப்புடையது. வடக்குச் சுவரில் மேலிருந்து மூன்றாவது வரிசையைத் தேடுங்கள். எகிப்தியர் அல்லாத ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. ஆண்களுக்குத் தாடி. உடம்பில் பல நிறக் கோலம் போட்ட துணி. ஒரு கழுதையின் முதுகில் இரண்டு குழந்தைகள், ஒருவர் கையில் யாழ். தலைவர் அபிஷா காட்டாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். எகிப்திய எழுத்தர் நீட்டும் ஏட்டில் இரண்டாம் செனுஸ்ரெட்டின் 6ஆம் ஆட்சியாண்டு என்றும், கண்மை கொண்டுவந்தவர்கள் 37 பேர் என்றும் இருக்கிறது. ஓவியத்தில் எண்ணினால் வெளிநாட்டார் 15 பேர்தான். ஓவியருக்கு இடம் அவ்வளவுதான். எல்லையில் வந்தவர்களை எண்ணிப் பதிவுசெய்யும் ஓர் அரசாங்கம் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்பதை அந்த ஏடு சொல்லிவிடுகிறது.

பிறகு மூன்றாம் பாகெட்டின் கல்லறைக்கு வாருங்கள். கிழக்குச் சுவரில் மல்யுத்த ஜோடிகள் 200க்கு மேல். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடி என்று வரிசை நகர்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு அடர்ந்த நிறம், மற்றவனுக்கு வெளிர் நிறம். எந்தக் கை யாருடையது என்று பார்ப்பவர் குழம்பக் கூடாது என்ற ஓவியரின் அக்கறை அது.

7. ஒன்றுமில்லாததுபோலத் தெரியும் இடத்தில்தான் அறிஞர் தேவை.

அமர்னாவில் இறங்கியதும் பலருக்கு முகம் வாடிவிடும். முழங்கால் உயரச் செங்கல் சுவர், மணல், வெயில். அகெனாட்டன் பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு அட்டன் என்ற சூரிய வட்டுக்காக, சுமார் கி.மு. 1346இல் எழுப்பத் தொடங்கிய தலைநகரம் இது. அவர் இறந்து சில ஆண்டுகளில் ஊரே காலியானது. கோயில் கற்களைப் பெயர்த்து ஆற்றுக்கு அக்கரையில் ஹெர்மோபொலிஸில் அடித்தளத்துக்குப் போட்டுவிட்டார்கள். ஒரே ஆள் தூக்கக்கூடிய சிறிய கற்கள். வேகமாகக் கட்ட உதவிய அந்த அளவே வேகமாகப் பிரிக்கவும் உதவியது.

ஆனால் பின்னால் யாரும் மேலே கட்டாததால் ஒரு பண்டைய நகரத்தின் தெருவும் வீடும் கிணறும் அப்படியே கிடைத்தன. 1887இல் இங்கே வெளிப்பட்ட களிமண் பலகைகள் அண்டை நாட்டு அரசர்களும் சிற்றரசர்களும் எழுதிய கடிதங்கள். 1912இல் துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்ததுதான் இன்று பெர்லினில் இருக்கும் நெஃபெர்டிடி சிலை. சாமானியர்களின் புதைகுழிகளில் எடுத்த எலும்புகளில் ஊட்டக் குறைவும் முதுகொடியச் சுமந்த தடமும் தெரிகின்றன. பக்கத்துக் குன்றுக் கல்லறைச் சுவர்களில் உணவு குவிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். அந்த மதப் புரட்சி யாருடைய முதுகில் நடந்தது என்பது புரிந்துவிடும்.

8. அரசரைத் தேடியது போதும்; வேலைக்காரரைத் தேடுங்கள்.

லக்சர் மேற்குக் கரையில் அரசர் பள்ளத்தாக்குக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் கொஞ்சம் பேர்தான் பக்கத்திலிருக்கும் தெயிர் எல்-மெதினாவுக்கு வருகிறார்கள். அரசர் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டியவர்களின் ஊர் அது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே ஒரு குறுகிய தெரு. அவர்கள் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதிப் போட்டவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன: கடன், வழக்கு, விடுப்புக்குச் சொன்ன காரணம் எல்லாம் உண்டு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வந்து சேராததால் கருவிகளைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான். அந்த ஆவணம் இப்போது இத்தாலியில் தூரின் நகரத்தில் இருக்கிறது. ஊரைப் பார்த்தபின் அங்கேயே சென்னெஜெம் கல்லறைக்குள் இறங்குங்கள். அரசருக்குத் தீட்டிய கைகள் தங்களுக்காகத் தீட்டியபோது எவ்வளவு பளிச்சென்று தீட்டின என்று தெரியும்.

9. எழுத்தில் ஓர் அடியாவது எடுத்து வையுங்கள்.

பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். நீள்வட்டக் கோட்டுக்குள் இருப்பது அரச பெயர். இந்த இரண்டு மட்டும் தெரிந்தாலே சுவர் வெறும் அலங்காரமாகத் தெரியாது. எல்-காப்பில் அபனாவின் மகன் அஹ்மோஸ் என்ற போர்வீரரின் கல்லறையில் படத்தைவிட எழுத்தே அதிகம். ஹிக்சோஸ் என்ற அயல்நாட்டு ஆட்சியாளரின் அவரிஸ் நகரை முற்றுகையிட்டதை, அதில் சண்டையிட்டவரே சொல்லும் சாட்சி அது. படம் குறைவு என்று பலர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் அறிஞரை அங்கே நிறுத்திவைத்து வரி வரியாகக் கேளுங்கள்.

10. உடம்பையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போய் வாருங்கள். சிவப்புப் பிரமிடுக்குள் 60 மீட்டருக்கு மேல் குனிந்தபடியே இறங்கி, அதே வழியில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியில் நின்றே ரசிக்கலாம். கைவிளக்கு, தண்ணீர், தொப்பி, பிடிப்பான காலணி இல்லாமல் கிளம்ப வேண்டாம். பல இடங்களில் கடையும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. மின்யாப் பக்கம் காவல்துறை வண்டி கூட வந்தால் பயப்படாதீர்கள், அது அங்கே வழக்கம். காவலாளிக்குப் பக்ஷீஷ் கொடுக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். கதவு திறந்து விளக்கு பிடித்ததற்குக் கொடுங்கள். கயிற்றைத் தாண்டி விடுகிறேன் என்பவருக்குக் கொடுக்காதீர்கள். சுவரைத் தொடாதீர்கள், பையை உரசவிடாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். பழம்பொருள் என்று யாராவது சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி அதை வாங்குவதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். பொய்ப் பொருளாக இருந்தால் பணம் போகும். மெய்யாக இருந்தால் நீங்கள் உள்ளே போவீர்கள்.

11. நம் ஆட்களும் அங்கே போயிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், மிகைப்படுத்தாதீர்கள்.

செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீம், பெரெனிகே ஆகிய ரோமானியர் காலத் துறைமுகங்களில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. குசெய்ரில் கணன், சாதன் என்ற பெயர்கள்; பெரெனிகேயில் கொற்றபூமான். பெரெனிகே கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் சுமார் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. இவை வணிகம் நடந்ததற்கான உறுதியான சான்றுகள். பிரமிடு காலத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு கிடையாது. நடுவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. “பிரமிடைக் கட்டியதே நாம்தான்” என்று யாராவது வண்டியில் ஆரம்பித்தால், இரண்டாவது அறிவுரையில் சொன்ன கேள்வியை அவரிடமும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பியதும் எத்தனை இடம் பார்த்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒரு சுவரைப் பற்றி, அதில் என்ன இருக்கிறது, அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று பத்து நிமிடம் தடையில்லாமல் சொல்ல முடிந்தால் கொடுத்த காசு செரித்துவிட்டது என்று அர்த்தம். போய் வாருங்கள்.