போர்க்களம் காணாத போர் வரலாற்றாசிரியர்

வரலாற்றுப் பாடத்தில் மன்னர் பெயரையும் தளபதி பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மனனம் செய்கிறோம். வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார் என எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால், முன்வரிசையில் நின்ற எளிய வீரன் என்ன கண்டான், என்ன சுமந்தான், ஏன் ஓடாமல் நின்றான் என்று நாம் கேட்பதில்லை. அதனைக் கேட்டவர் இங்கிலாந்து நாட்டு வரலாற்றாசிரியர் சர் ஜான் கீகன்.

அன்னார் 1934ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆய்வாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடும்பம் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தது. அங்கு வந்து குவிந்த படைவீரர்களைச் சிறுவர் கீகன் வியப்புடன் நோக்கினார். 1947இல், 13ஆம் வயதில், எலும்பைத் தாக்கும் காசநோய் அவரைப் பற்றியது. நெடுங்காலம் மருத்துவமனையே வீடாயிற்று. நோய் தணிந்தும் நடையில் ஊனம் நின்றுவிட்டது. படையில் சேரும் வாய்ப்பும் அற்றுப்போயிற்று. ஆயினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. 1953இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வரலாறு பயின்றார். (பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்வாராக.)

1960இல் சாண்ட்ஹர்ஸ்ட் படைத்துறைக் கல்லூரியில் விரிவுரையாளராகி, 26 ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அவரிடம் பயின்ற இளைஞர்கள் படை அதிகாரிகளாகிக் களம் புகவிருந்தவர்கள். கற்பித்த அவரோ ஒரு போரையும் கண்டவர் அல்லர்! இந்த உறுத்தலிலிருந்து பிறந்ததே 1976இல் வெளிவந்த ‘போரின் முகம்’ என்னும் பொருள்படும் நூல். தாம் போர்க்களத்தை அறியாதவர் என்பதை அதன் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிக் கூறுகிறார்.

அந்நூல் மூன்று போர்களை ஆராய்கின்றது. 1415இல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரில் பிணங்கள் ஆள் உயரத்திற்கு மேல் குவிந்தன எனப் பழைய ஏடுகள் கூறும். கீகன் இதனை ஏற்கவில்லை. மனித உடல்கள் சரிந்து விழுமேயன்றிச் சுவர்போல் அடுக்கி நில்லா என்கிறார். உழுத நிலத்துச் சேற்றில், இரும்புக் கவசத்துடன், பின்னால் வந்தோர் நெருக்க, முன்னால் சென்றோர் விழுந்து எழ இயலாமல் மாண்டதை விளக்குகிறார். 1815இல் நடந்த வாட்டர்லூ போரில், சதுரமாய் அணிவகுத்து அசையாது நின்ற காலாட்படையின் மீது குதிரைகள் பாயவில்லை, விலகியே ஓடின. குதிரையின் இயல்பை அறியாமல் அப்போரை விளங்கிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, 1916இல் நடந்த சொம் போர். ஒரு வாரம் பீரங்கிகள் முழங்கியும் பல இடங்களில் முட்கம்பி வேலி அறுபடவில்லை. ஏறத்தாழ 27 கிலோ சுமையுடன் வீரர்கள் முன்னேறினர். காண்டா வாளியில் பால் சுமந்து மேடேறிய நம் தோட்டத்து மூத்தோர்க்கு இச்சுமையின் கனம் தெரியும். எதிரில் இயந்திரத் துப்பாக்கிகள்! ஜூலை 1ஆம் நாள் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1986இல் கீகன் ‘டெய்லி டெலிகிராப்’ நாளேட்டில் சேர்ந்து பாதுகாப்புத் துறைச் செய்திகளை எழுதினார். 1993இல் வெளியிட்ட போர் வரலாற்று நூலில், போர் அரசியலின் தொடர்ச்சியே என்னும் கிளாஸ்விட்சின் கொள்கையை மறுத்தார். அவ்வறிஞரைக் கீகன் சரிவர விளங்கிக்கொள்ளவில்லை எனப் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டென்பதே எம் கருத்து. ஆயினும் 1976ஆம் ஆண்டு நூலின் பெருமை இதனால் குன்றவில்லை. அதன்பின் போர் வரலாறு எழுத வந்தோர் பலர், தளபதியின் கூடாரத்தை விட்டு வீரன் நின்ற சேற்றுக்கு இறங்கி வந்தனர். 2000இல் ‘சர்’ பட்டம் பெற்ற கீகன், 2012 ஆகஸ்டு 2ஆம் நாள் தம் 78ஆம் வயதில் காலமானார்.