தொழில்சார் உளவியல் முதுநிலைப் படிப்பு – ஓர் அறிமுக ஆய்வு

தோற்றுவாய்

மனிதன் தன் விழிப்புப் பொழுதின் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிக்கின்றான். அவன் உண்ணும் உணவும், உறங்கும் உறக்கமும், இல்லத்தாரிடம் பேசும் பேச்சும் அப்பணியிடத்தின் சாயலைப் பெறுகின்றன. எனவே, 'எவனுக்கு எப்பணி பொருந்தும்? எப்பணி எவனை நலிவிக்கும்?' என்னும் வினாக்கள் பழைமையானவை. திருக்குறள் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளமை ஈண்டு நினையத்தக்கது. முன்னது ஆளைத் தேர்வதையும், பின்னது தேர்ந்த ஆளைப் பணியில் அமர்த்துவதையும் கூறுகின்றது. அவ்விரண்டு வினைகளையும் அளவிட்டு ஆராயும் துறையே தொழில்சார் உளவியல். நிறுவன உளவியல் என்பது அதன் உடன்பிறப்பு. பிரித்தானியாவில் முதுநிலைப் படிப்பாக இது பயிற்றப்பெறும் முறையையும், அதில் சேர விழைவோர் முன்னரே அறிய வேண்டுவனவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

துறையின் வரலாறு

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் ஓய்வின்றி உழைத்தனர். நேரத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடும் என்பதே அன்றைய மேலாளர்தம் நம்பிக்கை. 1915-இல் அமைக்கப்பெற்ற தொழிலாளர் நலக்குழுவின் ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. மிக நீண்ட பணிநேரத்தைக் குறைத்தபோது உற்பத்தி குன்றவில்லை. சிலவிடத்துக் கூடவும் செய்தது. களைப்புற்ற கை மெதுவாக இயங்குகிறது, பிழையும் செய்கிறது, அக்கையை உடையவன் பணிக்கு வாராதும் போகிறான். இவை அனைத்தும் கணக்கில் ஏறியபோதுதான் உண்மை புலப்பட்டது.

அப்போரில் படைவீரர்களின் மன அதிர்ச்சியை ஆராய்ந்த சார்லஸ் மையர்ஸ், 1921-இல் தேசியத் தொழிலக உளவியல் நிறுவனத்தை இலண்டனில் தோற்றுவித்தார். அங்குப் பணியாற்றிய அலெக் ராட்ஜர் பின்னர்ப் பிர்க்பெக் கல்லூரியில் இத்துறையை வளர்த்தார். பகலில் பணிபுரிந்து மாலையில் பயில்வோருக்கெனப் பெயர்பெற்ற கல்லூரி அது. ஆளைப் பணிக்குப் பொருத்துதல், பணியை ஆளுக்குப் பொருத்துதல் என அவர் இத்துறையை இரு கூறாக வகுத்தார். இன்றும் இத்துறையின் நோக்கத்தை இவ்விரு தொடர்களில் அடக்கிவிடலாம்.

பணியமைப்பு உணர்த்தும் பாடம்

இரண்டாவது கூறின் அருமையை உணர்த்துவது, 1951-இல் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகிய இருவரும் வெளியிட்ட நிலக்கரிச் சுரங்க ஆய்வு. பாம்ஃபோர்த் தாமே சுரங்கத் தொழிலாளராக இருந்தவர். முன்பு சிறு குழுவினர் தாமே கூடி, கரி வெட்டுவது முதல் வெளியேற்றுவது வரை முழு வேலையையும் செய்தனர். எந்திரம் வந்தபின் வேலை துண்டு துண்டாக்கப்பட்டு மூன்று முறைப்பணிகளில் பிரிக்கப்பட்டது. ஒருவன் விட்ட குறையை அடுத்த முறைக்காரன் சுமந்தான், தோழமை அற்றுப்போயிற்று, பணிக்கு வாராமை பெருகிற்று. எந்திரம் வந்ததால் மட்டும் இக்கேடு விளையவில்லை. எந்திரத்தைப் பற்றி எண்ணியோர் மனிதக் கூட்டுறவைப் பற்றி எண்ணாமையே அதற்குக் காரணம்.

இச்சிந்தனை நம் நாட்டிலும் சோதிக்கப்பெற்றது. 1953-இல் ஏ. கே. ரைஸ் என்பார் அகமதாபாத்தின் காலிகோ நூற்பாலையில் தானியங்கித் தறிகளைக் கையாண்டோரிடையே ஆய்வு நிகழ்த்தினார். தனித்தனி வேலையாகச் சிதறிக் கிடந்ததை மாற்றி, ஒரு தறித்தொகுதிக்கு ஒரு சிறு குழு பொறுப்பேற்கும் முறை வகுக்கப்பட்டது. அக்கருத்தைத் தொழிலாளரே தழுவிக்கொண்டு குழுக்களை அமைத்தனர். உற்பத்தி உயர்ந்தது, துணிச்சேதம் குறைந்தது.

பாடத்திட்டம்

பிரித்தானிய முதுநிலைப் படிப்பு முழுநேரமாயின் ஓராண்டும், பகுதிநேரமாயின் பெரும்பாலும் ஈராண்டும் நடைபெறும். மொத்தம் 180 மதிப்பலகுகள். பிரித்தானிய உளவியற் கழகத்தின் ஏற்பு பெற்ற படிப்புகளில் ஐந்து பொருட்புலங்கள் இடம்பெறுகின்றன. அவை:

1. பணியிடத்தில் உளவியல் மதிப்பீடு
2. கற்றல், பயிற்சி, மேம்பாடு
3. தலைமை, ஈடுபாடு, ஊக்கம்
4. நல்வாழ்வும் பணியும்
5. பணி வடிவமைப்பும் நிறுவன மாற்றமும்

இவற்றோடு ஆய்வுமுறையும் புள்ளியியலும் பயில வேண்டும். ஆய்வேடும் எழுத வேண்டும். உளவியல் என்றதும் பேச்சும் அறிவுரையுமே என்று எண்ணி வருவோர் புள்ளியியல் வகுப்பில் திகைத்து நிற்பதுண்டு. இத்துறையில் எண்ணை அஞ்சுவோர் முன்னேறல் அரிது.

எண்ணின் இன்றியமையாமைக்கு ஒரு சான்று காண்போம். தேர்வுமுறை ஒன்று, பின்னாளைய பணித்திறனை எந்த அளவு முன்னறிவிக்கிறது என்பதை ஒட்டுறவுக் கெழுவால் அளப்பர். 1998-இல் ஷ்மிட், ஹன்டர் ஆகியோரின் தொகுப்பாய்வு பொது அறிவாற்றல் சோதனைக்கு 0.51 என்னும் மதிப்பை அளித்தது. பல்லாண்டுக் காலம் அதுவே பாடமாயிற்று. 2022-இல் சாக்கெட்டும் உடனாய்வாளரும் பழைய கணக்கீட்டில் மிகைத் திருத்தம் இருந்ததை எடுத்துக்காட்டி, அம்மதிப்பை 0.31 எனக் குறைத்தனர். எல்லாருக்கும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் வரையறுத்த நேர்காணல் 0.42 பெற்று முதலிடம் அடைந்தது. மனம் போனபடி வினவும் நேர்காணலோ 0.19 மட்டுமே பெற்றது. 'ஆளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்' என்பாரின் தன்னம்பிக்கைக்கு இவ்வெண்கள் துணை நிற்கவில்லை.

பட்டமும் பெயரும்

மாணவரும் பெற்றோரும் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. முதுநிலைப் பட்டம் பெற்ற அளவில் ஒருவர் பிரித்தானியாவில் தம்மைத் 'தொழில்சார் உளவியலாளர்' என்று அழைத்துக்கொள்ள இயலாது. 2009 ஜூலை முதல் அப்பெயர் சட்டத்தால் காக்கப்பெறுகிறது. உடல்நல, பராமரிப்புத் தொழிலோர் மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்றோரே அதனைப் பயன்படுத்தலாம். அதற்கு முதுநிலைப் படிப்புக்குப் பின்னும் மேற்பார்வையுடன் கூடிய பணிப்பயிற்சியும் மதிப்பீடும் உண்டு.

மேலும், உளவியற் கழகத்தின் பட்டயத் தகுதியை நாடுவோர்க்கு அக்கழகம் ஏற்கும் இளநிலை உளவியல் அடிப்படை வேண்டும். வணிகவியலோ இலக்கியமோ பயின்றோர்க்கு அவ்வடிப்படை இராது. அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. ஆயின் பட்டயப் பாதை தானே திறந்துவிடாது. உளவியலுக்கு மாறுவோர்க்கென ஏற்பு பெற்ற தனிப்படிப்பை முதலில் முடித்தல் வேண்டும். இதனை அறியாது நிலத்தை விற்றும் கடன் பெற்றும் கட்டணம் செலுத்திய பின் வருந்துவதில் பயனில்லை. 'இப்படிப்பு ஏற்பு பெற்றதா? என் இளநிலைப் பட்டம் அங்கு ஏற்கப்படுமா?' என்னும் இரு வினாக்களையும் எழுத்து வாயிலாகக் கேட்டு, எழுத்து வாயிலாகவே விடை பெறுதல் நலம்.

எல்லார்க்கும் அப்பட்டயம் வேண்டும் என்பதன்று நம் கருத்து. மனிதவளத் துறையிலோ பயிற்சித் துறையிலோ பணிபுரிய விழைவோர்க்குப் பட்டயமின்றியும் இப்படிப்பு பயன்தரும். எதற்காகப் பயில்கிறோம் என்னும் தெளிவே முதற்பொருள்.

தமிழுக்கு இங்கு என்ன வேலை?

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என வினவலாம். வினாநிரல்கள் சொற்களால் ஆனவை. சொல் பிறழின் அளவும் பிறழும். பணிநெருக்கடியைக் குறிக்கவும், மருத்துவர் நோயெனக் கொள்ளும் மனச்சோர்வைக் குறிக்கவும் 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல்லை நம் இதழ்கள் வழங்குகின்றன. ஒரு தொழிலாளி அச்சொல்லுக்கு நேரே 'ஆம்' எனக் குறியிட்டால், அவர் கூறியது வேலைச்சுமையையா, நோயையா? பணியால் உள்ளம் எரிந்து வறளும் நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் நோயெனக் கொள்ளாது, பணிசார் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. அவ்வளவு நுண்ணிய வேறுபாடுகளை நம் மொழியில் நிலைநிறுத்தாவிடின், நலமுடையோன் நோயாளியாவான். நோயாளி கவனிப்பாரற்றுப் போவான்.

இதனைத் தவிர்க்கவே, மொழிபெயர்த்த வினாநிரலை மூலம் அறியாத வேறொருவர் மீண்டும் முதன்மொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கினார். இப்பணிக்கு உளவியலார் மட்டும் போதார். சொல்லின் நிறையறிந்த மொழியாசிரியரும் வேண்டும். நம் துறை மாணவர்க்கு இஃது ஒரு புதிய களம்.

நிறைவுரை

தொழில்சார் உளவியல் முதலாளியின் கையிலும் பயன்படும். தொழிலாளியின் நலத்துக்கும் பயன்படும். ஊதியம் தருவோன் ஒருவனாகவும் சோதிக்கப்பெறுவோன் வேறொருவனாகவும் இருத்தலின், இத்துறையினர் இருவர்க்கும் நேர்மையாக நடத்தல் கடன். வேலை தேடி வரிசையில் நிற்கும் ஓர் இளைஞனின் வாழ்வை ஒரு தாளும் சில எண்களும் முடிவு செய்கின்றன. அத்தாளை ஆக்குவோர் கற்றவராயும் அறமுடையவராயும் இருத்தல் வேண்டும். அத்தகையோர் நம் கல்லூரியிலிருந்தும் எழுதல் கூடும். மாணவச் செல்வங்கள் ஆராய்ந்து தேர்க, ஆசிரியர் வழிகாட்டுக, பெரியோர் துணை நிற்க.