பரம்பில் பூக்கும் பொன்!

நவதிருப்பதிகளில் சூரியனுக்குரிய கள்ளபிரான் திருக்கோயில், நவகயிலாயங்களில் சனி பகவானுக்குரிய கயிலாசநாதர் திருக்கோயில். இந்த இரண்டும் ஒருங்கே அமைந்த புண்ணியத் தலம் ஸ்ரீவைகுண்டம். தரிசனம் முடித்துத் தாமிரபரணிக் கரையில் நின்றால், வாழையும் நெல்லுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கமும் சற்றே நடந்து பாருங்கள். இடுப்பளவு உயரத்தில், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூக்களுடன் நிற்கும், ஆவாரஞ்செடி!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் இதுவும் ஒன்று. அங்கே இதன் பெயர் ஆவிரை. மடலேறும் தலைவன், பனைமடல் குதிரைக்கு ஆவிரம்பூ மாலை சூட்டியதாகவும் சங்கப் பாடல் உண்டு. பனையும் ஆவாரையும் வறண்ட நிலத்தின் பிள்ளைகள் அல்லவா!

பொங்கலுக்கு முன்தினம் வேப்பிலை, சிறுபீளையுடன் ஆவாரம்பூவையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவது நம் வழக்கம். தெலங்கானாவில் இதுவே மாநில மலர். அங்கே பதுகம்மா பண்டிகையில், இந்தப் பூக்களை அடுக்கி அம்பிகையாகவே வழிபடுகிறார்கள்.

பூஜைக்கு மட்டுமா? இதன் தழை வயலுக்கு உரம். பட்டை, தோல் பதனிட உதவியது. பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து, அந்த மகரந்தத்தை உதிர்த்து எடுக்கின்றன. வெளிர்நிறப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுக்களுக்கு இதன் இலையே உணவு.

இத்தனைக்கும், இது வளரும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'தரிசு'! ஸ்ரீவைகுண்டம் வட்டத்திலுள்ள ஆதிச்சநல்லூர் பரம்பும் பார்வைக்கு வெறும் சரளை மேடுதான். அங்கேதான் நம் முன்னோரின் முதுமக்கள் தாழிகள் புதைந்திருந்தன. 1876-ல் ஜாகோரும், பிறகு அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய பிறகே அதன் அருமை உலகுக்குத் தெரிந்தது. வெறும் மேடு என்று அதை வெட்டிச் சமன் செய்திருந்தால் என்னாகியிருக்கும்? ஆவாரங்காடும் அப்படித்தான். முள்ளும் புதரும் என்று இயந்திரத்தால் வழித்துவிட்டால், பூவோடு வண்டும் பட்டாம்பூச்சியும் போய்விடும்.

ஆகவே, அடுத்த பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப்பறிக்கும்போது, செடியை வேரோடு பிடுங்காதீர்கள். சிறு கொத்துகளை மட்டும் கிள்ளுங்கள். காய்க்கச் சில பூக்களை விட்டுவையுங்கள். முற்றிய காய்களின் விதையை வேலியோரம் தூவுங்கள். வீட்டுக்குக் காப்பாகும் செடிக்கு, நாம் காப்பாக வேண்டாமா?